ஹெட் கேஸ்கட்டை வீட்டு முற்றத்தில் மாற்றலாமா, கராஜுக்குத்தான் போக வேண்டுமா?

நூறுக்காரன் (கல்லடி)

வண்டி 1993 கொரோலா ஏஇ100, 5ஏ-எஃப்இ பெட்ரோல் எஞ்சின். பதுளைக்குப் போகும்போது லுணுகலை ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி ஒருவழியாக ஊர் கொண்டு வந்தோம். அன்றிலிருந்து ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் விறைத்துவிடுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை.

காட்டிய கராஜில் "எஞ்சினையே மாற்றுங்கள், ரீகண்டிஷன் ஒன்று போடலாம்" என்றார்கள். மச்சானுக்கும் எனக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியும், டைமிங் பெல்ட் நாங்களே மாற்றியிருக்கிறோம். ஹெட் கேஸ்கட்டையும் (எஞ்சினின் மேல்பகுதி ஹெட்டுக்கும் கீழே உள்ள புளொக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) வீட்டில் வைத்தே மாற்றலாம் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

வாழைச்சேனை டிரைவர்

தம்பி, எதற்கு இவ்வளவு பாடு? கடையில் ஹெட் சீல் போத்தல் இருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிடு, ஓட்டை தானாக அடைபடும். தெர்மோஸ்டாட்டையும் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிடு. நம்முடைய வெயிலுக்கு அது எதற்கு? என்னுடைய வேன் அப்படித்தான் இன்றைக்கும் கொழும்புக்கு ஓடுகிறது.

கராஜ்பொடியன் (செங்கலடி)

போத்தல் கதையை விட்டுவிடுவோம். நூறுக்காரன் அண்ணனுக்கு நேரே சொல்கிறேன், வேண்டாம்.

டைமிங் பெல்ட் மாற்றுவதும் ஹெட் இறக்குவதும் ஒன்றல்ல. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால்கூட வால்வு பிஸ்டனில் முட்டாது, பிழை விட்டாலும் திரும்பச் செய்யலாம். ஹெட்டில் பிழை விட்டால் கேஸ்கட், ஒயில், கூலன்ட் எல்லாம் இரண்டாம் தரம் வாங்க வேண்டும். வீட்டில் கழற்றிவிட்டுக் கடைசியில் கராஜுக்கு இழுத்து வருகிற வண்டிகளை நான் பார்க்கிறேன். கடற்காற்றில் இத்தனை வருடம் நின்ற எக்ஸோஸ்ட் ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி) கழுத்தோடு முறிந்திருக்கும். ஹெட் போல்ட் இடம் மாறியிருக்கும். இந்த எஞ்சினில் போல்ட் இரண்டு நீளம்: 90 மி.மீ. இன்டேக் பக்கம், 108 மி.மீ. எக்ஸோஸ்ட் பக்கம். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் முட்டிக்கொண்டு இறுகிவிட்டதாகக் காட்டும், ஹெட்டைப் பிடித்திருக்காது. துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி புளொக்கையே வெடிக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

திருக்கோவில் ரீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் மனுவலைப் படி என்பதற்கான காரணம். கராஜுக்குப் போ என்பதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

மனுவலில் எல்லாம் இருக்கிறது. பத்து போல்ட். கழற்றும்போது இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்கு, பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. முதலில் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்தால் எவ்வளவு திரும்பியது என்று கண்ணுக்கே தெரியும். பழைய டோர்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) கிலோ கணக்கில் இருந்தால் 29 என்பது ஏறக்குறைய 3 கிலோகிராம் மீட்டர். இதைச் செய்ய ஏன் பட்டம் வேண்டும்? நம்மூரில் எத்தனை கராஜில் டோர்க் ரெஞ்சைக் கண்டீர்கள்? பெரும்பாலும் கைக்கணக்குத்தான்.

அதுசரி, நூறுக்காரன், முதலில் போனது கேஸ்கட்தானா என்று உறுதி செய்தீர்களா? எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. நீல நிறத் திரவம் வைத்துச் சோதிக்கும் குழாயும் கடைகளில் உண்டு, புகைக்காற்று கலந்தால் மஞ்சளாகிவிடும்.

கராஜ்பொடியன் (செங்கலடி)

எங்கள் கராஜில் டோர்க் ரெஞ்ச் இருக்கிறது ரீச்சர். கைக்கணக்குக்கு ஏன் போகிறோம் என்பதையும் கேளுங்கள். "ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சீவி நேராக்க வேண்டும்" என்று சொன்னால் பத்தில் ஏழு பேர் "இப்போதைக்குப் பூட்டித் தாருங்கள், பிறகு பார்ப்போம்" என்பார்கள். பூட்டிக் கொடுத்தால் கேஸ்கட் திரும்ப ஊதும். அப்போது பெயர் கெடுவது எங்களுக்கு. எஞ்சினையே மாற்றுங்கள் என்று சொல்கிற கராஜ் அந்தப் பயத்தில்தான் சொல்கிறது. எல்லாரும் கொள்ளைக்காரர்கள் இல்லை.

கல்முனைக் காக்கா

சண்டை பிடிக்காதீர்கள் பிள்ளைகளே. நான் லேத்தில் நின்றவன், இந்தக் கதையில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

ஹெட்டைக் கழற்றுவதும் பூட்டுவதும் யாருடைய முற்றத்தில் என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நடுவில் அதை யார் அளக்கிறார் என்பதுதான் கேள்வி. ஹெட் அலுமினியம், புளொக் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். முள் சிவப்புக்குப் போன வண்டியில் ஹெட் வளையாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம். நேர்விளிம்புக் கட்டையை நீளவாக்கிலும் குறுக்கு மூலைகளிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (தடிப்புக் குறித்த மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சினுக்கு 0.05 மி.மீ. தாண்டினால் ஹெட் மிசினுக்குப் போக வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. ஹெட் வளைந்தால் அடிப்பக்கம் மட்டும் வளைவதில்லை, மேலே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உட்காரும் இடமும் சேர்ந்து வளையும். அடியை மட்டும் சீவி நேராக்கினால் கேம் இறுகிப் பிடிக்கும். அதனால் வால்வு இல்லாத வெறும் ஹெட்டில் கேமைப் போட்டு, மூடிகளை இறுக்கி, கையால் சுழற்றிப் பார்ப்பேன். தடையில்லாமல் சுழன்றால்தான் சீவுவேன். வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு உண்டா என்று அழுத்தம் ஏற்றியும் பார்க்க வேண்டும். இது எதையும் வீட்டில் செய்ய முடியாது.

டீசலாக இருந்தால் நானும் பொடியன் பக்கம்தான். பல டீசல் எஞ்சினில் பிஸ்டன் எவ்வளவு மேலே தள்ளி நிற்கிறது என்று அளந்து அதற்கேற்ற தடிப்பில் கேஸ்கட் எடுக்க வேண்டும். பெட்ரோல் அவ்வளவு வம்பு செய்யாது.

நூறுக்காரன் (கல்லடி)

ரீச்சர் சொன்னபடி மூடியைத் திறந்து பார்த்தேன், குமிழி நிற்காமல் வருகிறது. தெரிந்தவரிடம் கொம்ப்ரெஷன் மீட்டர் வாங்கிச் சிலிண்டர் அழுத்தம் பார்த்ததில் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் நன்றாகக் குறைவு, ஓரத்து இரண்டும் சரி.

காக்கா, கண்ணாடித் தகட்டில் எமரித் தாள் ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்தே ஹெட்டை நேராக்குகிறார்களே, அது சரி வருமா?

கல்முனைக் காக்கா

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கட் ஊதியிருக்கிறது. படம் தெளிவு.

தேய்ப்பது மோட்டார்சைக்கிள் ஹெட்டுக்குச் சரி. நாலு சிலிண்டர் நீளத்துக்குக் கை அழுத்தம் ஓரங்களில்தான் கூடும், நடு மேடாகவே நிற்கும். கிரைண்டரில் வட்டத் தாள் மாட்டிச் சுரண்டுவது அதைவிட மோசம். அந்தத் தூள் ஒயில் வழியில் இறங்கினால் பேரிங் போய்விடும். பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள்.

வாழைச்சேனை டிரைவர்

எல்லாரும் சேர்ந்து தம்பியின் காசைக் கரைக்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

திருக்கோவில் ரீச்சர்

பேசுவோம். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். வெயிலுக்கு நல்லது என்று நினைத்துச் செய்வது ஏற்றத்தில் எதிராகத் திரும்பும். பழுதானால் புதிதாகப் போடுங்கள், கழற்றி எறியாதீர்கள்.

மூடியும் அப்படித்தான். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 119 பாகை அளவில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு 100 பாகையிலேயே கொதித்துவிடும்.

கராஜ்பொடியன் (செங்கலடி)

இதில் ரீச்சரோடு நான் ஒத்துப்போகிறேன். அண்ணன், ரேடியேட்டருக்கு இதுவரை என்ன ஊற்றினீர்கள்?

நூறுக்காரன் (கல்லடி)

கிணற்றுத் தண்ணீர்தான். வேறென்ன?

கராஜ்பொடியன் (செங்கலடி)

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. கல்லடி, காத்தான்குடிப் பக்கக் கிணறு பலதில் உவர். கேத்தலில் வெள்ளை படிகிறதல்லவா, ரேடியேட்டர் குழாயிலும் அதே படிவுதான். மட்டமான தரையில் ஓடும்போது தெரியாது, ஏற்றத்தில் ஏசியும் போட்டுக்கொண்டு மிதித்தால் சூட்டை வெளியேற்ற முடியாது. கேஸ்கட் ஊதினது அதற்குப் பிறகு. ரேடியேட்டரைத் துப்புரவாக்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அடுத்த ஏற்றத்தில் அதுவும் போகும். வீட்டு வேலையில் நான் பயப்படுவது இதற்குத்தான். கேஸ்கட்டை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

திருக்கோவில் ரீச்சர்

கராஜிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு தம்பி.

நூறுக்காரன், இன்னொன்று. பழைய கூலன்டையும் ஒயிலையும் மணலில் விடாதீர்கள். உங்கள் பக்கம் நிலத்தடி நீர் கொஞ்ச ஆழத்தில்தான், மணல் எதையும் தடுக்காது, நேரே கிணற்றுக்குப் போகும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். பேசினில் பிடித்து கேனில் அடையுங்கள். எக்ஸோஸ்ட் பைப்பைக் கழற்றக் கீழே போவதற்கு முன் ஜாக்கி ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். மணலில் ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்கினால் மிச்சம் பேச ஆள் இருக்காது.

நூறுக்காரன் (கல்லடி)

சரி, இப்படிச் செய்கிறேன். கழற்றுவது நாங்கள். ஹெட் கல்முனைக்கு, காக்காவிடம். அது வரும்வரை ரேடியேட்டரை ஒரு கடையில் கொடுத்துக் கழுவி எடுக்கிறேன். தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், மூடி மூன்றும் புதிது. இனிமேல் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும்தான். ஹெட் போல்ட் பழையதையே போடலாமா?

கல்முனைக் காக்கா

கொண்டு வாருங்கள், அளந்து பார்ப்போம். கழுத்து மெலியாமல், நட்டு கையால் கடைசிவரை ஓடினால் போடலாம். நான் எத்தனையோ ஹெட்டுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

திருக்கோவில் ரீச்சர்

காக்கா, மன்னிக்க வேண்டும், இதில் நான் மாட்டேன். பாகைக் கணக்கில் இறுக்கும் போல்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். இவ்வளவும் செலவழித்துவிட்டுப் பத்துப் போல்ட்டில் மிச்சம் பிடிப்பதா?

கல்முனைக் காக்கா

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வருகிற புதுப் போல்ட் உண்மையான ஜப்பான் சாமான்தான் என்று உறுதி சொல்லுங்கள், நானும் மாற்றச் சொல்கிறேன். தரம் தெரியாத புதியதைவிட அளந்த பழையது மேல்.

கராஜ்பொடியன் (செங்கலடி)

இதில் நான் காக்கா பக்கம். அண்ணன், எக்ஸோஸ்ட் நட்டுகளுக்கு இன்றிரவே துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கள், நாளைக்கும் ஒரு தரம் அடியுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். அப்படியும் ஒன்றாவது முறியும். முறிந்தால் துளையிடப் போகாமல் எனக்குச் சொல்லுங்கள், வெல்டிங் மிசினோடு வருகிறேன். கூலி வாங்குவேன்.