ஓட்டை போட்டுக் குணமாக்குவாராம்!

சுக்குக்காப்பி:
நுரையீரல் ரத்த அழுத்தம் கடுமையாக உள்ள கைக்குழந்தைக்கு பாட்ஸ் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று நேற்று செவ்வாழை எழுதியிருந்தார். சிரிப்பதா அழுவதா? 1946ல் சிகாகோவில் வில்லிஸ் பாட்ஸ், இதயக் குறையால் ஆக்சிஜன் குறைந்து நீலம் பூத்த குழந்தைகளுக்காகச் செய்தது அது. பெருந்தமனிக்கும் இடது நுரையீரல் தமனிக்கும் நடுவே ஓட்டை போட்டு இணைப்பது. அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? நுரையீரலில் அழுத்தம் ஏறியதால்! நோயைக் கொடுத்ததையே மருந்து என்கிறார்.

செவ்வாழை:
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். அன்று ரத்தம் பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குப் பாய்ந்தது. இன்று, நுரையீரல் தமனியின் அழுத்தம் உடம்பின் அழுத்தத்தையே மிஞ்சிய குழந்தைக்குச் செய்வதால், எதிர்த்திசையில் போகிறது. திணறும் இதயத்தின் வலது கீழறைக்குச் சுமை குறைகிறது. 2004லேயே பாரிஸ் மருத்துவர்கள் எழுதியாயிற்று.

சுக்குக்காப்பி:
ஆக, கெட்ட ரத்தம் உடம்புக்குப் போகிறது. குழந்தை நீலமாகும். சரிதானே?

செவ்வாழை:
கால் மட்டும். தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிந்த பிறகுதான் இணைப்பு வருகிறது. வலது கை விரலில் ஒரு ஆக்சிமீட்டர், கால் விரலில் ஒன்று மாட்டினால் ஆக்சிஜன் அளவு மேலே 97 சதவீதம், கீழே 82 என்பது போலக் காட்டும். மூளைக்கும் இதயத்துக்கும் நல்ல ரத்தம்தான். இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை போட்டால்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலம்.

சுக்குக்காப்பி:
நீலம் நீலம்தான்.

செவ்வாழை:
கால் மட்டும்!

ஒற்றைப்பனை:
என் அக்கா மகனுக்கு இதயத்தில் ஓட்டை. ஐந்தாம் மாதத்தில் அடைத்தார்கள், அழுத்தம் இறங்கிவிட்டது. அடைப்பதுதான் வைத்தியம், திறப்பது இல்லை.

செவ்வாழை:
பிள்ளை நன்றாக இருக்கட்டும். கால் மட்டும் என்றேனே, அதற்குப் பதில் எங்கே?

ஒற்றைப்பனை:
"நுரையீரல் அழுத்த மருந்தான சில்டெனாஃபிலைப் பச்சைக்குழந்தைக்கு எவன் கொடுப்பான்" என்று போன மாதம் கேலி செய்த ஆள்தானே நீங்கள்? கொடுக்கிறார்கள் என்று காட்டியதும் ஒரு வாரம் ஆளையே காணோம்.

செவ்வாழை:
ஊருக்குப் போயிருந்தேன். தவிர, நான் சொன்னது வேறு அர்த்தத்தில்.

குறுமிளகு:
"கெட்ட ரத்தம்" என்று எழுதாதீர்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தம்.

சுக்குக்காப்பி:
வந்துவிட்டார் வாத்தியார். பரீட்சை எப்போது சார்?

செவ்வாழை:
பேச்சை மாற்றாதீர்கள். மருந்தெல்லாம் கைவிட்ட பிறகுதான் இது. யாரும் முதல் நாளே கத்தியைத் தூக்குவதில்லை. மாற்று நுரையீரல் என்பீர்கள். உள்ளங்கை அகல நெஞ்சுக்குப் பொருந்துவதை எங்கே போய்த் தேடுவது?

சுக்குக்காப்பி:
82 என்று நீங்களே எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

செவ்வாழை:
கால். மட்டும்.