மொறிஸ் மைனரின் பின் தகட்டில் ட்ரில் ஓட்டைகள்: பட்டியா, வெல்டிங்கா?

அரியாலை மைனர்:

வணக்கம். எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேற். மாமா ஹயருக்கு ஓடிய கார். டிக்கி மூடிக்குக் கீழே உள்ள பின் தகட்டில் ஏழெட்டு ஓட்டைகள் இருக்கின்றன. ரிஃப்ளெக்டருக்கு, மேலதிக லைற்றுக்கு, ட்ரெயிலர் கொக்கிக்கு என்று அந்தந்தக் காலத்தில் ட்ரில் பண்ணியவை. சின்னவை 5, 6 மில்லிமீற்றர். கொக்கி பூட்டிய இரண்டிலும் விரல் போகும். அந்த இரண்டின் மேலும் அலுமினியத் துண்டு வைத்து ரிவெற் அடித்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பெயின்ற் கொப்பளித்ததால் சுரண்டிப் பார்த்தேன். துண்டின் ஓரம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது, அடியில் கறள்.

ஒரு டிங்கர் (கார்த் தகடு திருத்துபவர்), பைபரும் பட்டியும் போட்டால் ஒரே நாளில் முடியும் என்கிறார். இன்னொருவர் தகட்டை முழுதாக வெட்டிவிட்டுப் புதிது அடித்துப் போடவேண்டும் என்கிறார். ஓட்டைகளைத் தவிர தகடு நல்ல உறுதி. வெட்ட எனக்கு மனமில்லை. எது சரி?

கோண்டாவில் பட்டறை:

தம்பி, இரண்டும் வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெளிப்பக்கம் பெயின்ற் மூடியிருந்தாலும் டிக்கிக்குள் இருந்து ஈரம் ஏறும். உங்கள் பக்கம் கடல்நீரேரிக் காற்று வேறு. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே சுரண்டிப் பார்த்துவிட்டீர்கள். முழுத் தகட்டையும் வெட்டுவதும் அநியாயம். மைனருக்குத் தனி சேசி (அடிச்சட்டம்) இல்லை, பொடியே பாரத்தைத் தாங்குகிறது. நல்ல தகட்டை வெட்டி, அளவு பிசகி ஒட்டினால் டிக்கி மூடி சரியாக உட்காராது.

மிக் வெல்டிங் (காஸ் ஊதியபடி மெல்லிய கம்பியை ஊட்டும் வெல்டிங்) உள்ள இடத்துக்குப் போங்கோ. கேற், கிறில் அடிக்கிறவர்களின் ஆர்க் வெல்டிங் இதற்கு ஆகாது. தகடு கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர்தான், ஓட்டை இன்னும் பெருக்கும். 0.6 மில்லிமீற்றர் கம்பி போதும்.

முதலில் இரண்டு பக்கமும் பெயின்றை எடுத்து வெள்ளி போலத் தெரியும்வரை சுத்தம் செய்யவேண்டும். ட்ரில் போன ஓட்டையின் விளிம்பு ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும், அதைப் பின்னால் டொலி (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) பிடித்துத் தட்டிச் சமப்படுத்துங்கோ. பிறகு பின்னால் ஒரு செப்புத் தகட்டை இறுக்கமாகப் பிடிக்கவேண்டும். பழைய செப்புக் குழாயைத் தட்டையாக அடித்தாலும் போதும். வெல்டிங் செப்பில் பிடிக்காது, சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஒவ்வொரு பொட்டாக வைத்து நடுவுக்கு வாங்கோ. ஒரு பொட்டு வைத்தால் அடுத்த ஓட்டைக்குப் போய்விடவேண்டும், கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பி வரலாம். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

கொக்கி ஓட்டைகளுக்கு அதே கனத் தகட்டில் வட்டம் வெட்டி, மேலே படியாமல் ஓட்டைக்குள்ளேயே உட்காரும்படி அரத்தால் ராவிப் பொருத்துங்கோ. நாலு பக்கமும் பொட்டு வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்பவேண்டும்.

வெல்டிங் ஆறும்போது தகட்டை இழுக்கும், அந்த இடம் குழியும். வெல்டிங்கை கிரைண்டரால் மினுக்கிய பிறகு டொலியில் வைத்து மெல்லத் தட்டினால் விரிந்து மேலே வரும். பலர் இந்த வேலையைச் செய்யாமல் குழிக்குள் பட்டியை அப்புகிறார்கள். இதைச் செய்தால் பட்டி ஒரு தோல் அளவுதான் தேவைப்படும்.

சுன்னாகம் ஏ40:

அண்ணை சொன்னதற்கு முன்னால் ஒன்று. மைனரில் பெற்றோல் டாங்க் டிக்கித் தரைக்குக் கீழேயே இருக்கிறது. அதைக் கழற்றி, காருக்கு வெகு தூரத்தில் வையுங்கள். வெறும் டாங்க்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெற்றோல் இல்லாத டாங்கில் ஆவி நிறைந்திருக்கும், அதுதான் வெடிக்கும். பற்றரி வயரையும் கழற்றவேண்டும்.

அதோடு, எல்லா ஓட்டையையும் அடைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் அடித்த ஓட்டைகளும் அங்கே உண்டு: நம்பர் பிளேற், லைற் வயர், தண்ணீர் வடிகிற ஓட்டை. தொழிற்சாலை பஞ்ச் அச்சில் அடித்த ஓட்டையின் விளிம்பு நேர்த்தியாக இருக்கும், பெரும்பாலும் இடம் வலமாகச் சோடியாக வரும். ட்ரில் ஓட்டை ஒற்றையாக, அளவு பிசகி நிற்கும். தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, இப்போது உறுதியாக இருக்கும் தகடும் போய்விடும். இன்னொரு மைனரின் பின்பக்கத்தைப் பார்த்து ஒப்பிட்டு, அடைக்கவேண்டியதைச் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள்.

அரியாலை மைனர்:

மிக்க நன்றி. குறித்துப் பார்த்ததில் இரண்டு ஓட்டைகள் சோடியானவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொரு சிக்கல். ஒரு ஓட்டையைச் சுரண்டியபோது உள்ளே மஞ்சளாக உலோகம் தெரிகிறது. யாரோ முன்னரே பித்தளையால் அடைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே மிக் அடிக்கலாமா?

கோண்டாவில் பட்டறை:

அடிக்கவே கூடாது. பித்தளை கலந்தால் வெல்டிங் நுரைத்து, நுண்துளை விழுந்து, வெடிப்பு விடும். இரண்டு வழி இருக்கிறது. பித்தளை உறுதியாக, மட்டமாக இருந்தால் அப்படியே விடுங்கோ. ஆனால் ஓரத்தில் கண்ணாடி போல ஒட்டியிருக்கும், பித்தளை பிடிக்கப் போட்ட ஃப்ளக்ஸ் பொடியைச் சுடுதண்ணீரும் கம்பி பிரஷும் போட்டு முழுவதுமாக எடுக்கவேண்டும். அது இருந்தால் பெயின்ற் நிற்காது. உறுதி இல்லையென்றால் மஞ்சள் பட்ட இடம் முழுவதையும் வட்டமாக வெட்டி எடுத்து, கொக்கி ஓட்டைக்குச் சொன்னது போலப் புதுத் தகடு வையுங்கோ. நான் என்றால் வெட்டுவேன்.

பித்தளைக்குப் பதில் ஈயம் தெரிந்தால் கிரைண்டர் வேண்டாம், அந்தத் தூசு நஞ்சு. கை அரத்தால் ராவி, முகமூடி போட்டு, தூசை ஈரத் துணியால் துடைத்து எடுக்கவேண்டும்.

சுன்னாகம் ஏ40:

வெல்டிங் முடிந்த அன்றே எபொக்சி பிறைமர் (கறளைத் தடுக்கும் அடிப் பூச்சு) போட்டுவிடுங்கள், உள்பக்கமும் சேர்த்து. வெறும் தகட்டை ஒரு இரவு விட்டாலே அரியாலையில் கறள் பூக்கும். பட்டி அந்தப் பிறைமருக்கு மேலே மெல்லியதாக வரட்டும்.

இப்போது சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிறது. திறந்த கொட்டிலில் மிக் அடித்தால் காற்று காஸைத் தள்ளிவிடும், வெல்டிங் அரித்தது போல வரும். கதவை மூடி அடிக்கச் சொல்லுங்கள். பெயின்றுக்கும் அப்படித்தான், தூசு ஒட்டும். அதற்காக ஐப்பசி மழைவரை தள்ளிப் போடவும் வேண்டாம், ஈரத்தில் அடித்த பெயின்ற் பால் போல வெளிறிவிடும்.

பெயின்ற் காய்ந்த பிறகு உள்பக்கத்தில் தகடுகள் சேரும் தையல்களுக்கு மெழுகு அடித்து, அதற்குப் பிறகு டாங்கைப் பூட்டுங்கள். கழற்றியதோடு டாங்கின் றப்பர் பாகங்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.