தங்கம், கிளிங்கர், புலிக்கண்: வைரத்தால் மெருகேற்றிய அனுபவங்கள்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதித் தங்கப் பாறையை மெருகேற்றியவர்களுக்கு அதன் குணம் தெரியும். பார்வைக்கு ஒரு கல். தேய்க்க உட்கார்ந்தால் நாலைந்து கல். கூழாங்கற்கள் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. இடையிடையே பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம், 6 முதல் 6.5. அதன் ஓரத்தில் ஒண்டிக்கிடக்கும் தங்கமோ வெறும் 2.5 முதல் 3. இத்தனையையும் எபாக்சி பிசினில் 30 மில்லிமீட்டர் வட்ட வில்லையாக வார்த்து, நுண்ணோக்கியில் பார்க்க எல்லாம் ஒரே மட்டத்தில் வேண்டும் என்கிறார்கள்.

பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு துகள் கொண்ட வைரக் கலவையில் வெகுநேரம் ஓட்டிய வில்லையைப் பெருமையோடு கொண்டுவந்தார். வெறும் கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துக் குவியத்தைச் சற்றே நகர்த்தினேன். பைரைட்டின் விளிம்பை ஒட்டியிருந்த ஒளிக்கோடும் கூடவே நகர்ந்தது. கனிமங்களுக்கிடையே மேடு பள்ளமாகப் படி விழுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். “இன்னும் கொஞ்சம் மெருகேற்றட்டுமா அண்ணா?” என்று கேட்டார். வம்பே அங்கேதான். இழை நீண்ட துணி மென்மையான கனிமத்தை மட்டும் தோண்டிக்கொண்டே போகும். நேரம் கூடக்கூடப் பள்ளமும் கூடும்.

திரும்பவும் 9 மைக்ரானுக்குப் போனோம், இழையில்லாத கெட்டித் துணியில். பிறகு 3. கடைசி 1 மைக்ரானுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் முகப்பில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடச் சொல்வேன். கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்தால் வில்லை சமமாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் மிச்சமிருந்தால் மேலே போவதில் பயனில்லை.

தங்கத்தில் இன்னொரு தொல்லை. சிலிக்கன் கார்பைடு உப்புத்தாளின் துகள் உடைந்து அதற்குள் குத்திக்கொள்ளும். நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும். அதைக் கனிமத் துணுக்கு என்று அறிக்கையில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்! அதனால் உப்புத்தாளில் அதிகம் தங்காமல் சீக்கிரம் வைரத்துக்கு மாறிவிடுவது நல்லது. கட்டத்துக்குக் கட்டம் மீயொலித் தொட்டியில் கழுவாமல் துணி மாற்றுகிறவர்களிடம் நான் வில்லையைக் கொடுப்பதில்லை. 9 மைக்ரான் துகள் ஒன்று 1 மைக்ரான் துணியில் ஏறிவிட்டால், அந்தத் துணி குப்பைக்குத்தான்.

டர்பனிலிருந்து:

அண்ணா, தண்ணீரில் கழுவும் சுகம் உங்களுக்கு இருக்கிறது. நான் பார்ப்பது சிமெண்ட் கிளிங்கர், அதாவது சூளையில் சுட்டெடுத்த, அரைத்தால் சிமெண்டாகும் கட்டிகள். தண்ணீர் பட்டாலே மேற்பரப்பு வினைபுரிய ஆரம்பித்துவிடும்; பிறகு நாம் பார்ப்பது கிளிங்கரை அல்ல. எனவே உப்புத்தாள் முதல் கடைசி மெருகுவரை ஆல்கஹால்தான், வைரக் கலவையும் எண்ணெய் கலந்ததுதான். கிளிங்கர் முழுக்க ஓட்டை என்பதால் வெற்றிடத்தில் பிசின் ஏற்றுகிறோம். முதல் தேய்ப்பில் புதிதாகத் திறக்கும் ஓட்டைகளுக்கு மறுபடியும் ஒரு பூச்சு. அதைத் தவிர்த்தால் ஓட்டைக்குள் பதுங்கிய பெரிய துகள்கள் கடைசிக் கட்டத்தில் வெளியே வந்து நீளமாகக் கீறிவிடும்.

ஒழுங்காக மெருகேறியதை நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில நொடிகள் நனைத்தால், கிளிங்கரின் முக்கியக் கனிமங்களான ஆலைட் கோணம் கோணமாகவும் பெலைட் உருண்டை உருண்டையாகவும் பிரிந்து தெரியும். அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜனவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் வில்லையை மேசைமேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. உடனே உலர்கலத்துக்குள் வைத்தாக வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தம்பிகள் இருவரும் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். நான் ஓய்வுபெற்றபின் பொழுதுபோக்காகக் கல் இழைப்பவன். வடக்கு கேப் மாகாணத்துப் புலிக்கண் கல்லில் பொன்னிறப் பட்டை குவார்ட்ஸ், பக்கத்துப் பட்டை இரும்புத்தாது. மெத்தென்ற சக்கரத்தில் கொடுத்தால் பட்டைக்குப் பட்டை மேடும் பள்ளமும்தான். விரல் நகத்தால் வருடினாலே தெரியும். பிசினில் வைரம் பதித்த கெட்டிச் சக்கரத்துக்கு மாறிய பிறகே மட்டம் கிடைத்தது. அழுத்தக் கூடாது, சக்கரம் தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புலிக்கண், தூசியாக மூச்சில் போனால் ஆபத்தான நீலக் கல்நார் (ஒருவகை ஆஸ்பெஸ்டாஸ்) இருந்த இடத்தில் உருவான கல். சில துண்டுகளில் அந்த நார் இன்னும் மிச்சமிருக்கும். எனவே உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். தேய்த்த சேற்றைக் காய விடாமல் ஈரத்தோடு வழித்துப் பையில் கட்டிவிடுங்கள்.