டெர்பிஷயரில் இரண்டு நாள்: அம்மாவுடன் எந்த மாளிகைக்குப் போகலாம்?

வணக்கம். மே மாதக் கடைசியில் அம்மாவை இங்கிலாந்தின் டெர்பிஷயருக்கு அழைத்துப் போகிறேன். கார் இல்லை, ஷெஃபீல்டில் தங்கி பஸ்ஸில்தான் சுற்ற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

முதல் நாள் சாட்ஸ்வொர்த் மாளிகை, அது உறுதி. 1844-இல் ரஷ்யப் பேரரசர் வருவார் என்று அவசரமாகக் கட்டிய நீரூற்று அங்கே இருக்கிறது. அவர் வரவே இல்லை! மேட்டில் ஏரி வெட்டி, பம்பு இல்லாமல் வெறும் நீரழுத்தத்தாலேயே தண்ணீரைப் பீய்ச்சும் ஏற்பாடு. பொறியாளரான அம்மா அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்.

குழப்பம் இரண்டாம் நாளில்தான். என் மனம் ஹாடன் ஹாலில் இருக்கிறது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் குடியிருப்பாரின்றிக் கிடந்ததால், புதுப்பிக்கிறோம் என்று யாரும் கைவைக்காமல் தப்பிய வீடு. நீண்ட கூடத்தின் ஜன்னல்களில் வைர வடிவக் கண்ணாடிச் சில்லுகள் சமமாக இல்லாமல் புடைத்து நிற்குமாம். வெயில் பட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மின்னும். ஆனால் கல்தரையும் படிகளும் மேடுபள்ளம் என்கிறார்கள். அம்மாவால் முடியுமா? போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

இல்லையென்றால், 1590-களில் எழுந்த ஹார்ட்விக் ஹால். கோபுர உச்சியில் சொந்தக்காரி தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்துவைத்த வீடு; அந்தத் துணிச்சலுக்காகவே பார்க்கலாம். அங்கே பஸ்ஸில் போய்த் திரும்பியவர்கள் யாராவது உண்டா?

பேக்வெல் ஊரில் அதன் பெயர்பெற்ற இனிப்பான புட்டிங் சாப்பிட நல்ல கடை இருந்தாலும் சொல்லுங்கள். முட்டை சேரும் என்று தெரியும், பரவாயில்லை.