ஆங்கிலக் கல்வி மாநாட்டிலிருந்து வகுப்புக்கு வந்தவை: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்:

அண்மையில் ஓர் ஆங்கிலக் கல்வி மாநாட்டில் கலந்துகொண்டேன். தொடக்க விழா உரைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை ஊக்கமளித்தன, ஆனால் மறுநாள் பாடவேளையில் அவற்றை வைத்து என்ன செய்வது என்பது விளங்கவில்லை. எனக்குப் பயன்பட்டது, ஒரு சிறிய அறையில் நடந்த, மாணவர்களின் பேச்சுப் பிழைகளைத் திருத்துவது குறித்த பயிலரங்கு.

மாணவி 'ஷி கோ டு தி லைப்ரரி எஸ்டர்டே' என்கிறாள். ஆசிரியர் 'யெஸ், ஷி வென்ட் டு தி லைப்ரரி' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இப்படிப் பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிடுவதை ரீகாஸ்ட் என்கிறார்கள். ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் கனடாவில், பாடங்களைப் பிரெஞ்சு மொழி வழியாகவே கற்பிக்கும் தொடக்க வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர்களின் திருத்தங்களில் 55 விழுக்காடு இவ்வகையே என்றும், அவற்றில் 31 விழுக்காட்டுக்கு மட்டுமே மாணவர்கள் ஏதேனும் எதிர்வினை காட்டினார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் அந்த 'யெஸ்' என்பதில்தான் இருக்கிறது. தான் சொன்ன செய்தியை ஆசிரியர் ஆமோதிக்கிறாரா, மொழியைத் திருத்துகிறாரா என்பதை மாணவியால் பிரித்தறிய முடிவதில்லை.

அதற்கு மாற்றாகப் பயிலரங்கில் எங்களைப் பழக்கியது, விடையை மாணவரிடமிருந்தே வரவழைக்கும் முறை: 'எஸ்டர்டே, ஷி...' என்று பாதியில் நிறுத்திக் காத்திருப்பது. அறையிலிருந்த ஆசிரியை ஒருவர், இது கூச்சமுள்ள பிள்ளைகளை எல்லார் முன்னிலையிலும் நிறுத்திவைப்பதாகாதா என்று கேட்டார். தேநீர் இடைவேளையிலும் அந்த விவாதம் ஓயவில்லை. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மேலும், 'வென்ட்' என்ற வடிவத்தையே அறியாத மாணவரிடம் எவ்வளவு காத்திருந்தாலும் அது வரப்போவதில்லை. ஆகவே, ஏற்கெனவே கற்பித்த இலக்கணத்தில் வரும் பிழைகளுக்கு மட்டும் இம்முறையைக் கையாள்கிறேன். மாணவர்கள் சரளமாகப் பேசிப் பழகும் நேரத்தில் குறுக்கிடாமல், பிழைகளைக் குறித்துக்கொண்டு, பேசியவரின் பெயரைச் சொல்லாமல் பிறகு கரும்பலகையில் எழுதுகிறேன்.

தொடக்க வகுப்பு ஆசிரியை:

ஐயா குறிப்பிட்ட அந்தக் காத்திருப்பைப் பற்றியே நான் கலந்துகொண்ட மாநாட்டில் ஓர் அமர்வு இருந்தது. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். அதை 3 விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசும் மாணவர்களும் கூடினார்கள். அறிவியல் வகுப்புக்கே அப்படியென்றால், கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாக்கியத்தை அமைக்க வேண்டிய மொழி வகுப்புக்கு அந்த இடைவெளி இன்னும் அவசியம் என்பது என் கருத்து. சொல்வது எளிது, வகுப்பில் அந்த 3 விநாடிகள் மிக நீண்டவையாகத் தோன்றுகின்றன, முன்வரிசைப் பிள்ளைகளின் உயர்ந்த கைகள் நம்மை அவசரப்படுத்துகின்றன. எனவே, கேள்வியைக் கேட்டுவிட்டு, கை உயர்த்தாமல் பக்கத்திலிருப்பவரிடம் விடையைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். கூச்சமுள்ளவர்களுக்கும் ஓர் ஒத்திகை கிடைத்துவிடுகிறது.

கல்லூரி ஆசிரியர்:

ஐயா, ஒரு சிறு மறுப்பு. மாநாட்டில் கேட்ட ஓர் ஆய்வை அப்படியே நம் வகுப்புக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே லிஸ்டர், ஹிரோஹிடே மோரியுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஒப்பாய்வில், அமெரிக்காவில் ஜப்பானிய மொழி வழியாகக் கற்பிக்கும் வகுப்புகளில் மாணவர்கள் ரீகாஸ்டைப் பெரும்பாலும் உணர்ந்து பதிலளித்ததைக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதைச் சேர்ந்து திருப்பிச் சொல்லும் பழக்கம் அவ்வகுப்புகளில் இருந்ததால், மொழி வடிவத்தின் மீது அவர்களின் கவனம் ஏற்கெனவே பதிந்திருந்தது. இலக்கணத்தை முன்னிறுத்தி நடக்கும் ஆங்கில வகுப்புகள் பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. அதனால் நான் ரீகாஸ்டைக் கைவிடவில்லை. முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லாமல், 'யெஸ்' என்பதையும் விலக்கி, 'வென்ட்' என்று அந்த ஒரு சொல்லை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாணவர் அதைத் தம் வாக்கியத்தில் சேர்த்துத் திரும்பச் சொன்ன பிறகே உரையாடலைத் தொடர்கிறேன்.