ஐரோப்பா முழுக்க ஒரே சந்தைன்னா ஒரு பொடி பாக்கெட்டுக்கு எதுக்கு மூணு ஸ்டிக்கர்? இத யார்கிட்ட சொல்றது?

இட்லிப்பொடி_ஐந்தோவன்:

எல்லாருக்கும் வணக்கம். நெதர்லாந்துல ஐந்தோவன்ல இருக்கோம், நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து மூணு வருஷமா இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிமசாலா போட்டு 200 கிராம் பாக்கெட்டா விக்கிறோம். இங்க உள்ளூர்ல நல்லா போகுது, ஜெர்மனில இருந்தும் பாரிஸ்ல இருந்தும் கேக்குறாங்க, சரி ஒரே மார்க்கெட்தானேன்னு இறங்கிட்டோம். வாட் வரி விஷயம் நிஜமாவே சுலபமா இருந்துச்சு, ஓஎஸ்எஸ்ங்கிற பொது வரிப் பதிவுல ஒரு தடவ பதிஞ்சா போதும், மூணு மாசத்துக்கு ஒரு ரிட்டர்ன்ல எல்லா நாட்டு வரியும் இங்கயே கட்டிடலாம். அங்கதான் நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் பேக்கேஜிங்ல மாட்டிக்கிட்டோம். ஜெர்மனிக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும் லூசிட்ங்கிற பேக்கேஜிங் பதிவேட்டுல பதியணும், குப்பை சேகரிக்கிற கம்பெனிக்கு தனியா காசு கட்டணும். பிரான்சுக்கு வேற பதிவு, வேற நம்பர், அது போக பாக்கெட் மேல ட்ரிமான்ங்கிற மறுசுழற்சி சின்னமும் எந்த குப்பைத்தொட்டில போடணும்ங்கிற படமும் இருக்கணும். மொழி மாத்துறது நியாயம், எள்ளும் கடுகும் அலர்ஜி லிஸ்ட்ல இருக்கு, வாங்குறவங்களுக்கு புரியணும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அதே பை, அதே பிளாஸ்டிக், எல்லைய தாண்டினா குப்பைக்கு வேற சட்டமா? பாரிஸ்ல ஒரு கடை 200 பாக்கெட்ட ட்ரிமான் இல்லைன்னு திருப்பி அனுப்பிடுச்சு. இப்போ சாப்பாட்டு மேஜைல மூணு ரோல் ஸ்டிக்கர் கிடக்கு, ராத்திரி பசங்க தூங்கினதும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து கையால ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

இந்த சிங்கிள் மார்க்கெட் ஒழுங்கா நடக்குதான்னு பாக்குறதுக்குன்னு யாராச்சும் இருக்காங்களா? இருந்தா எங்கள மாதிரி சின்ன ஆளுங்க எப்படி அவங்க காதுல போடுறது?

லாஷப்பேல்_அண்ணை:

தங்கச்சி, நான் பாரிசில லா ஷப்பேல் பக்கம் கடையளுக்கு சாமான் எடுத்துக் குடுக்கிறனான். உங்கட கஷ்டம் நல்லா விளங்குது. முதல்ல கைவசம் ஒரு வழி சொல்லுறன், பாக்கெட்டின்ர பின்பக்கத்தில ஒரு நாலு சென்டிமீட்டர் இடத்தை வெறுமையா விட்டு அச்சடியுங்கோ, பொதுவான விஷயம் எல்லாம் அச்சில இருக்கட்டும், நாட்டுக்கு நாடு மாறுறதை மட்டும் அந்த இடத்தில ஒட்டலாம். முழு ரோலையும் எறிய வேண்டி வராது.

ஆனா ஒண்டு சொல்லோணும். இந்தியாவில இருந்து வாற மிளகாய், மசாலாச் சாமானுக்கு ரொட்டர்டாமில செக்கிங் இருக்கு, சில சாமானுக்கு லாப் ரெஸ்ட்டும் எடுப்பினம். அதில ஒருக்கா பாஸ் பண்ணி வெளியில வந்திட்டா பாரிஸ் வரைக்கும் ஒருத்தரும் பெட்டியைத் திறக்கிறேல்ல. 1993க்கு முதல் இங்க லொறி ஓடின பழைய ஆக்களோட கதைச்சிருக்கிறன், ஒவ்வொரு எல்லையிலயும் கட்டுக் கட்டா பேப்பரோட மணிக்கணக்கா நிண்டதாச் சொல்லுவினம். அதால இந்த மார்க்கெட் ஒண்டும் செய்யேல்ல எண்டு நான் சொல்லமாட்டன், செய்தது பாதிதான்.

பிரசல்ஸ்_பக்கத்துவீடு:

நான் இந்த துறைலதான் வேலை பாக்குறேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

பாக்குறதுக்கு ஆள் இருக்கு. ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் 1997ல இருந்து சிங்கிள் மார்க்கெட் ஸ்கோர்போர்டுன்னு ஒண்ணு போடுது, ஒவ்வொரு நாடும் என்ன லட்சணத்துல இருக்குன்னு பச்சை மஞ்சள் சிவப்புல காட்டும். அதுல ரொம்ப நாளா முக்கியமா பாக்குற கணக்கு, ஐரோப்பிய உத்தரவுகள நாடுகள் தங்களோட சட்டமா குறிச்ச தேதிக்குள்ள மாத்தினாங்களா இல்லையாங்கிறது. 1997ல அப்படி மாத்தாம பாக்கி கிடந்த உத்தரவு 6.3 சதவீதம், அப்புறம் 1 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இலக்கு வச்சு நெருக்கி நெருக்கி இப்போ அந்த 1 சதவீதத்த ஒட்டி கொண்டுவந்துட்டாங்க. பெரிய சாதனைதான். ஆனா அது சட்டம் புஸ்தகத்துல ஏறிச்சான்னு மட்டும்தான் சொல்லும், உங்க பாக்கெட் கடை அலமாரில ஏறிச்சான்னு சொல்லாது. என்னோட ஆதங்கமே இதுதான். நாம எழுதிப் போட்டா அந்த ரெண்டாவது விஷயமும் அவங்க கணக்குக்கு வரும்.

இப்போ உங்க விஷயம். கடைக்காரர் திருப்பி அனுப்பினது தனியார் சமாச்சாரம், அதுல யாரும் தலையிட மாட்டாங்க. அரசு ஆபீஸ் ஐரோப்பிய சட்டத்த தப்பா பயன்படுத்தினா சால்விட்ங்கிற ஐரோப்பிய உதவி சேவைக்கு போகலாம், 2002ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு மையம் இருக்கு, நீங்க டச்சு மையத்துல சொன்னா அவங்க அந்த நாட்டு மையத்தோட பேசுவாங்க, 10 வாரம் கெடு. ஆனா கேஸ் கோர்ட்டுக்கு போயிருந்தா எடுக்க மாட்டாங்க.

ட்ரிமான் மாதிரி சட்டமே பிரச்சனைன்னா அது கமிஷன் வேலை. உங்களுக்கு தெரியுமா, 2023 பிப்ரவரிலயே இதே விஷயத்துக்காக பிரான்ஸ் மேல கமிஷன் நடவடிக்கை ஆரம்பிச்சிடுச்சு. பொருள் சம்பந்தமா ஒரு நாடு புதுசா விதி போடணும்னா வரைவா இருக்கும்போதே கமிஷனுக்கு அனுப்பிட்டு மூணு மாசம் காத்திருக்கணும், அந்த நேரத்துல மத்த நாடுகளும் ஏன் நீங்களும் நானும் கூட கருத்து சொல்லலாம். அந்த முறைய ஒழுங்கா பின்பற்றலைங்கிறதும் அந்த வழக்குல ஒரு குற்றச்சாட்டு. இந்த மாதிரி நடவடிக்கை முதல்ல ஒரு கடிதம், அப்புறம் காரணம் காட்டி ஒரு எச்சரிக்கை, அப்புறம் லக்சம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய கோர்ட்டுன்னு போகும், வருஷக்கணக்குல இழுக்கும், அத மறைக்க விரும்பல.

நல்ல சேதி, ஐரோப்பிய யூனியன் முழுக்க பொதுவான புது பேக்கேஜிங் சட்டம் 2025 பிப்ரவரில அமலுக்கு வந்தாச்சு, பெரும்பகுதி 2026 ஆகஸ்ட் 12ல இருந்து செல்லும், குப்பை பிரிக்கிற சின்னம் 27 நாட்டுக்கும் ஒண்ணா ஆகுறது 2028 ஆகஸ்ட்ல. அது வரைக்கும் ஸ்டிக்கர்தான். நாடு நாடா பதியுற தொல்லை அதுக்கப்புறமும் இருக்கும்.

கொலோன்_மாமா:

எல்லாம் சரி தம்பி, ஆனா இதெல்லாம் எழுதிக் குடுத்து என்ன ஆகப்போகுது. ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம் போட்ட கணக்குப்படி இந்த நாடுகளுக்குள்ள இருக்குற தடை பொருளுக்கு 44 சதவீதம், சேவைக்கு 110 சதவீதம் வரி போட்டதுக்கு சமம்னு 2024ல சொன்னாங்க. 1979லயே ஐரோப்பிய கோர்ட் தீர்ப்பு இருக்கு, பிரெஞ்சு கசிஸ் மதுல ஆல்கஹால் 25 சதவீதம் இல்லைன்னு ஜெர்மனி தடுத்தப்போ, ஒரு நாட்டுல சட்டப்படி விக்கிற பொருள தகுந்த காரணம் இல்லாம இன்னொரு நாடு தடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் இந்த கதிதானே.

பிரசல்ஸ்_பக்கத்துவீடு:

மாமா, அந்த 44ஐ அப்படியே வரின்னு எடுத்துக்காதீங்க. நாடுகளுக்குள்ள நடக்குற வியாபாரம் எவ்ளோ கம்மியா இருக்குன்னு பாத்து பின்னாடி இருந்து போட்ட கணக்கு அது, மொழி வேற, ருசி வேறங்கிறதும் அதுக்குள்ள கலந்து கிடக்கு. ஜெர்மன்காரர் இட்லிப்பொடி வாங்கலைன்னா அதுவும் தடைன்னு ஏறிடும். ஆனா தடை நிஜம். 2025 மே மாசம் கமிஷனே மோசமான பத்து தடைன்னு பட்டியல் போட்டப்போ பேக்கேஜிங் லேபிள் குழப்பமும் அதுல இருந்துச்சு. வியாபாரிங்க திரும்பத் திரும்ப சொன்னதாலதான் அது அங்க வந்துச்சு.

மன்ஹைம்_மலர்:

எழுதிக் குடுத்து என்ன ஆகும்னு கேட்டவருக்காக என் கதைய சொல்றேன். எங்க வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துல பொறந்து பிரெஞ்சு குடியுரிமை வாங்கினவர், நான் தஞ்சாவூர், இந்திய பாஸ்போர்ட். வேலைக்காக ஜெர்மனி வந்தோம். ஐரோப்பிய குடிமகன் வேற நாட்டுக்கு குடிபோனா மனைவிக்கு அங்க தங்குறதுக்கான அட்டைய ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும், என்னென்ன பேப்பர் கேக்கலாம்னும் 2004 உத்தரவுல எழுதியிருக்கு. நான் போன ஆபீஸ்ல ஜெர்மன் மொழி சான்றிதழ் கேட்டாங்க, அது அந்த லிஸ்ட்லயே இல்ல. ஒவ்வொரு தடவயும் ஒரு புது பேப்பர், ஒன்பது மாசம் ஓடிப்போச்சு, எங்க அப்பாவுக்கு முடியாம இருந்தப்போ கூட திரும்பி வர முடியுமோன்னு பயந்து ஊருக்கு போகாம இருந்தேன். அந்த வலி இன்னும் போகல.

ஒரு அக்கா சொல்லி சால்விட்ல ஆன்லைன்ல போட்டேன். அந்த ஆபீஸ் அனுப்பின லெட்டர ஸ்கேன் பண்ணி, எந்த தேதி என்ன கேட்டாங்கன்னு வரிசையா எழுதினேன். ஏழாவது வாரம் அதே ஆபீஸ்ல இருந்து போன், அட்டை ரெடி வந்து வாங்கிக்கோங்கன்னு. அதனால எந்த ஆபீஸ்ல எது கேட்டாலும் வாய்ச்சொல்லா விட்டுடாதீங்க, எழுத்துல வாங்குங்க, சால்விட்ல காட்ட அது ரொம்ப உதவும்.

இட்லிப்பொடி_ஐந்தோவன்:

மலர், உங்க அப்பா விஷயம் படிச்சு மனசு கனத்துப் போச்சு. பிரசல்ஸ் அண்ணா, எங்கள மாதிரி கம்ப்ளைன்ட் சால்விட்டுக்கும் பொருந்தாதுன்னா வேற எங்க போடுறது?

பிரசல்ஸ்_பக்கத்துவீடு:

யுவர் யூரோப்ங்கிற ஐரோப்பிய யூனியன் வெப்சைட்ல சிங்கிள் மார்க்கெட்ல சந்திச்ச தடைய சொல்ல தனியா ஒரு ஃபார்ம் இருக்கு, பேர் கூட போட வேணாம். தீர்வு வராது, ஆனா எந்த நாட்டுல எந்த விஷயத்துல ஜனங்க முட்டிக்கிறாங்கன்னு அதுல இருந்துதான் தொகுக்குறாங்க. கமிஷனுக்கு தனி புகாரும் போடுங்க, வக்கீல் தேவையில்ல, தமிழ்ல முடியாது ஆனா டச்சுலயே எழுதலாம். ஸ்டிக்கர் ரோல் எவ்ளோ, பதிவு கட்டணம் எவ்ளோ, திரும்பி வந்த பாக்கெட் எத்தனைன்னு யூரோல கணக்கு போட்டு எழுதுங்க.

இட்லிப்பொடி_ஐந்தோவன்:

சரிண்ணா. வீட்டுக்காரர் பில் எல்லாம் எடுத்து வச்சிட்டார், இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்து டச்சுல எழுதுறோம். அண்ணை சொன்ன மாதிரி அடுத்த அச்சுல பின்பக்கம் இடம் விடச் சொல்லியாச்சு. திரும்பி வந்த 200ல 140க்கு ட்ரிமான் ஒட்டியாச்சு, மீதி 60 இன்னைக்கு ராத்திரி.