304-இல் 178 போனால் 274: பிள்ளைகளின் கணக்குத் தாளில் பார்த்தவை

உட்லண்ட்ஸ்_டீச்சர்
சிங்கப்பூரில் தொடக்கநிலை மூன்று (மூன்றாம் வகுப்பு), கழித்தல் தாள். 304 − 178. பையன் எழுதியது 274. பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு'. அந்த ஒரு சொல்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பன்னிரண்டு கணக்கில் கடன் வாங்கத் தேவையில்லாத ஐந்தும் சரி. வாங்க வேண்டிய ஏழும் ஒரே மாதிரித் தப்பு. கவனம் சிதறியிருந்தால் தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும், இப்படி வரிசை கட்டி வராது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னதும் தயங்காமல் சொன்னான்: "நாலுல எட்டு போகாது, அதனால எட்டுல நாலு போனா நாலு." சரிபார்க்கச் சொன்னால் 274-ஐயும் 178-ஐயும் கூட்டி 452 என்று சரியாகவே எழுதினான். மேலே இருக்கும் 304-ஐப் பார்த்தான். தாளை நீட்டிவிட்டான். அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது.

தொடக்கநிலை ஒன்றில் 'எப்பவும் பெரிசுல இருந்து சின்னதைக் கழி' என்று சொல்லிக்கொடுப்பதன் விளைவு இது. ஓரிலக்கத்துக்கு அது சரி. பிள்ளை அதை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திக்கொள்கிறது.

சிராங்கூன்_அப்பா
டீச்சர், மன்னிக்கணும். இது பயிற்சி போதாமைதான். தொடக்கநிலை நான்கு பிள்ளை 8 + 7-க்கு விரல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். முதல் விரலிலேயே 'எட்டு' என்று தொடங்கியதால் விடை 14. அடிப்படைக் கூட்டலே இப்படி என்றால் கடன் வாங்குவது எங்கே ஏறும்? பத்தாகும் ஜோடிகளைத் தினம் பத்து நிமிடம் சொல்லவைத்து, 8 + 7 என்றால் 8 + 2 + 5 என்று பிரிக்கும் வரை விடக்கூடாது.

ஜூரோங்_துணைப்பாடம்
பத்தாகும் ஜோடி வேண்டும் என்பதில் சண்டையில்லை சார். ஆனால் அந்த 14-உம் பயிற்சி போதாமை அல்ல. எண்ணத் தொடங்கும் இடம் தப்பு. தினம் பத்து நிமிடம் அப்படியே எண்ணினால் அந்தத் தப்புதான் கெட்டிப்படும்.

தப்பான விடையே காரணத்தைச் சொல்லிவிடும். மூன்று கணக்கு போதும்: 86 − 52, 82 − 56, 302 − 156. முதலாவது எல்லாருக்கும் 34 வரும். இரண்டாவதிலும் 34 என்றால் (சரியான விடை 26) டீச்சர் சொன்ன அதே கோளாறு. மூன்றாவதில் அது 254 ஆக வெளிப்படும். இரண்டாவது சரியாகி மூன்றாவதில் மட்டும் 156 வந்தால் சங்கதி வேறு. நூறைப் பத்து பத்தாக மாற்றிய பிள்ளை, அதில் ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு 9 என்று குறைக்கவில்லை. முதல் பிள்ளைக்கு இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவதுக்குப் பூஜ்ஜியத்தைத் தாண்டும் அந்த ஒரு படி போதும்.

பொருளை வைத்துச் செய்யும்போது 1, 10, 100 என்று எழுதிய வட்ட வில்லைகளை எடுத்த எடுப்பிலேயே கொடுக்காதீர்கள். நூறு வில்லையும் ஒன்று வில்லையும் ஒரே அளவு; நூறு எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஐஸ்கிரீம் குச்சி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு. கட்டை அவிழ்ப்பது பிள்ளையின் கையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை அவிழ்த்ததும் அந்த மாற்றத்தை உடனே தாளில் எழுத வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு எழுதினால் குச்சி ஒரு பாடம், கணக்கு இன்னொரு பாடம் என்று பிரிந்துபோகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பொங்கோல்_பாட்டி
வேறு ஒன்று. தொடக்கநிலை ஒன்று பேத்திக்குத் தமிழில் 'தொண்ணூற்று மூன்று' என்றால் 103 எழுதுகிறாள். காதில் 'நூற்று மூன்று' விழுகிறது. இங்கிலீஷில் 93 சரி, ஆனால் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டுக்கும் 30. 13, 30, 17, 70, 93, 103 ஆறையும் இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லி எழுதவையுங்கள். ஒரு மொழியில் மட்டும் தப்பினால் காதுக்கும் சொல்லுக்கும் உள்ள தகராறு. ஒரே எண் இரண்டிலும் தப்பினால் இடமதிப்பு. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தேர்வு மதிப்பெண் கிடையாது. அது நல்லதுதான், ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மூன்றாவதில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

தோபாயோ_கணக்கு
"ரவியிடம் 24 கோலி. அது மணியிடம் இருப்பதைவிட 6 அதிகம். மணியிடம் எத்தனை?" பிள்ளை எழுதியது 30. 'அதிகம்' என்றால் கூட்டல் என்று வகுப்புச் சுவரிலேயே பட்டியல் ஒட்டியிருந்தது.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் கொடுத்த ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டால் எங்கே உடைகிறது என்று தெரியும்: படி, என்ன கேட்கிறது சொல், எப்படிச் செய்வாய், செய்து காட்டு, விடையை எழுது. இந்தப் பிள்ளை நன்றாகப் படித்தது, கூட்டலிலும் பிசகில்லை. இரண்டாவதில் உடைந்தது: "ரவிக்கு இன்னும் ஆறு கிடைக்குது" என்றது. கணக்கு இங்கிலீஷில் இருப்பதால்தானோ என்று தமிழில் கேட்டாலும் அதே 30. ஆகவே மொழி அல்ல, ஒப்பீடுதான் புரியவில்லை. எண்ணே இல்லாமல் இரண்டு பட்டை வரையச் சொல்லி "யாருடையது நீளம்?" என்று மட்டும் கேட்டதும் ரவியின் பட்டையை நீட்டினாள். பிறகு 24-ஐ எந்தப் பட்டையில் எழுதுவது என்று பென்சிலைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

உட்லண்ட்ஸ்_டீச்சர்
ஜூரோங் சொன்னபடி குச்சி, பிறகு வில்லை. மூன்றாவது வாரம் 304 − 178-க்கு 126. ஆனால் 3004 − 178 என்றதும் வில்லையை எடுத்துக் கொடுத்தால்தான் நகர்கிறான். எப்போது விலக்குவது?

ஜூரோங்_துணைப்பாடம்
உடனே விலக்க வேண்டாம் டீச்சர், வரையச் சொல்லுங்கள். '1000' என்று எழுதிய வட்டம் ஒன்றை அடித்து, '100' வட்டம் பத்து. அதில் ஒன்றை அடித்துப் பத்து பத்துகள். அதிலும் ஒன்றை அடித்து ஒன்றுகள். கடைசியில் 2 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 14 ஒன்று என்று படமே காட்டும். வட்டம் வரைய அலுத்துப்போய் அவனாகவே எண்ணை மட்டும் எழுதத் தொடங்குவான். அன்றைக்குப் படத்தைக் கேட்காதீர்கள்.